திருப்பாச்சித் தண்ணீர்

மதுரை மாட்டுத்தாவணியில் மானாமதுரை வண்டி ஏறினால் சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய், ஒரு மணி நேரத்துக்குள் திருப்பாச்சேத்தி வந்துவிடும். பேச்சில் திருப்பாச்சி. 2005இல் விஜய் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, அருவாள் என்றதும் தெற்கத்திக்காரர்கள் வாயில் வந்த ஊர்ப் பெயர் அது. சிறுவயதில் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் தாத்தா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். "இந்த ஊர்த் தண்ணி அப்படிப்பா. வேற எங்க அடிச்சாலும் கூரு இப்படி நிக்காது."

அவரிடம் ஒரு திருப்பாச்சி அருவாள் இருந்தது. வேலிமுள் கழிக்க, தென்னை மட்டை பிளக்க, இளநீர் சீவ, விறகு தறிக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கடைசிக் காலத்தில் அதன்மேலேயே குறைபட்டுக்கொண்டார். காலையில் தீட்டினால் மத்தியானத்துக்குள் மழுங்கிவிடுகிறதாம். "அருவாள்ல தண்ணி வத்திப்போச்சு" என்பார். இரும்புக்குள் தண்ணீர் எப்படி இருக்கும், இருந்தாலும் எப்படி வற்றும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவர் போன பிறகு அருவாள் என்னிடம் வந்தது. அதற்குத் துணையாகப் பழைய அருவாள்களும் கத்திகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று 17 ஆகிவிட்டன. அவர் சொன்ன அந்த இரண்டு பேச்சுகளும் சரியா தப்பா என்று பார்க்கத்தான் நான் உலோகவியல் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் விஷயம்.

முதலில் அருவாளையே பார்த்துவிடுவோம். பழம் நறுக்குகிற மடக்குக் கத்திக்கு ஒரு ஆணி, ஒரு மூட்டு உண்டு. பலம் கொடுத்தால் அந்த மூட்டுதான் முதலில் ஆடும். அருவாளில் மூட்டே கிடையாது. மூக்கு முதல், பிடிக்குள் மறைந்திருக்கும் வால் வரை ஒரே இரும்பு. மரப்பிடியின் துளையில் அரக்கை உருக்கி ஊற்றி, சூடாக்கிய வாலைச் செருகி, வாயில் ஒரு பூண் மாட்டினால் தலைமுறைக்கும் கழலாது. இந்த மடங்காக் கத்தி வகையில் நம் பக்கத்திலேயே எத்தனை உருவம் இருக்கிறது! பனையேறியின் பாளை அருவாள், நெல்லறுக்கிற கதிரருவாள், பல் வெட்டிய கருக்கருவாள், அடுக்களை அரிவாள்மணை. ஒவ்வொன்றின் வளைவும் அது வெட்டுகிற பொருளைப் பார்த்து அமைந்தது. அருவாளின் உள்வளைவு கிளையை நழுவவிடாமல் அணைத்துக்கொள்ளும். கை இழுக்க இழுக்க வாய் கிளையின்மேல் சறுக்கிச் செல்லும். தக்காளியைக் கத்தியால் அழுத்தினால் நசுங்கும். லேசாக இழுத்தால் வெட்டுப்படும். அதே கணக்குதான் இங்கேயும்.

இனி இரும்பு. திருப்பாச்சியானாலும் வேறு ஊரானாலும் இன்று அருவாளுக்கு விரும்பி எடுப்பது லாரி ஸ்பிரிங் பட்டை. கட்டடக் கம்பியில் அருவாள் அடித்தால் கூர் நிற்காது. தோசைக்கல் வார்க்கிற வார்ப்பிரும்பில் அடிக்கவே முடியாது, சிதறிவிடும். மூன்றும் இரும்புதானே, என்ன வித்தியாசம்? கரி. நாம் அடுப்பில் போடுகிற அதே கரியின் அணுக்கள். கட்டடக் கம்பியில் கரி மிகக் குறைவு, நூற்றில் கால் பங்கு அளவில்தான் இருக்கும். தோசைக்கல்லில் நூற்றுக்கு 2 முதல் 4 வரை. ஸ்பிரிங் பட்டை நடுவில் நிற்கிறது, நூற்றில் அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஒரு கிலோ இரும்பில் ஐந்தாறு கிராம். ஒரு சின்னக் கரண்டிக் கரிப்பொடி கலந்ததும் அது எஃகு ஆகிவிடுகிறது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், சாணைச் சக்கரம் போதும். கட்டடக் கம்பியைச் சக்கரத்தில் வைத்தால் பொறிகள் நீளக் கோடாகப் பறந்து அப்படியே அணையும். ஸ்பிரிங் பட்டையை வைத்தால் அந்தக் கோடுகளின் நுனி வெடித்துப் பூப்பூவாகப் பிரியும். பறக்கிற இரும்புத்துளி காற்றில் எரியும்போது உள்ளே இருக்கும் கரி வாயுவாக மாறித் துளியைப் பிளக்கிறது. தீபாவளிக்குக் கொளுத்துகிற கம்பி மத்தாப்பு பூச்சொரிவதும் இரும்புத் தூளால்தான். இரும்புக் கடைக்காரர்கள் பொறியைப் பார்த்தே பழைய இரும்பை ரகம் பிரிப்பார்கள். பொறிச் சோதனை என்ற பெயரில் தொழிற்சாலைகளிலும் இது இன்னும் நடக்கிறது.

கரி இருந்தால் மட்டும் கூர் நிற்குமா என்றால் நிற்காது. அந்தப் பட்டையையே உலையில் சிவக்கக் காய்ச்சி, ஆறட்டும் என்று சாம்பலில் போட்டு வைத்தால், மறுநாள் அரத்தால் சுலபமாக ராவலாம். அதே பட்டையைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அரம் வழுக்கும். இரும்பும் கரியும் அதே அளவுதான். மாறியது ஆறுவதற்குக் கொடுத்த நேரம் மட்டும்.

அந்த நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை மாட்டுத்தாவணியிலேயே பார்க்கலாம். வண்டி நின்றிருக்கும்போது கொய்யா, வேர்க்கடலை, தண்ணீர் பாட்டில் விற்பவர்கள் ஏறிவிடுவார்கள். டிரைவர் இன்ஜினைப் போட்டு, ஹாரன் அடித்து, மெதுவாக நகர்த்தினால் ஒவ்வொருவராக இறங்கிக்கொள்வார்கள். வண்டிக்குள் இருக்கைகள் இருக்கைகளாக, நடைபாதை நடைபாதையாக இருக்கும். ஒரே மூச்சில் கதவைச் சாத்திக்கொண்டு பறந்தால்? கூடையோடு ஏறியவர்கள் கூடையோடு உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்க எல்லோரும் நெளிய வேண்டியிருக்கும். யாரும் யாரையும் தாண்டி ஒரு அடி நகர முடியாது.

இரும்பு அணுக்கள் ஒழுங்கான வரிசையில் நிற்பவை. ஸ்பிரிங் பட்டை 800 டிகிரி செல்சியஸை நெருங்கும் சூட்டில் அந்த வரிசையே வேறு விதமாக மாறி நிற்கிறது. அந்த அமைப்பில் இடுக்குகள் பெரியவை, கரியணுக்கள் தாராளமாக ஏறிக்கொள்ளும். ஆறும்போது பழைய வரிசைக்குத் திரும்ப வேண்டும். பழைய வரிசையில் கரிக்கு அநேகமாக இடமே இல்லை. மெல்ல ஆறினால் கரி விலகிப் போய்த் தனி அடுக்காகச் சேர்ந்துகொள்ளும், இரும்பு இளகியே இருக்கும். சட்டென்று ஆற்றினால் கரி இறங்க நேரமில்லை. வரிசை அதைச் சுற்றி நெளிந்து இறுகிவிடும். இந்த இறுகிய நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர், ஜெர்மானிய உலோக ஆய்வாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக வைத்தது. தமிழில் இதைச் சிறைக்கரி எஃகு என்று சொல்லலாம் என்பது என் யோசனை. கரி சிறைப்பட்டிருக்கிறது, அதனால் எஃகும் இறுகியிருக்கிறது.

கரி மாட்டிக்கொண்டால் ஏன் கடினமாக வேண்டும்? கல்யாண வீட்டில் பெரிய ஜமுக்காளம் விரித்தவர்களுக்கு இது தெரியும். முழு ஜமுக்காளத்தையும் ஒரேயடியாக இழுத்து நகர்த்துவது கஷ்டம். ஓரத்தில் ஒரு மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பை மறுகோடி வரை தள்ளிக்கொண்டே போனால், ஜமுக்காளம் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். இரும்பு வளைவதும் மழுங்குவதும் இப்படித்தான். அணுவரிசைக்குள் இருக்கும் சிறு பிசகு ஒன்று மடிப்புப் போல நகர்ந்து நகர்ந்து ஒரு அடுக்கை இன்னொன்றின்மேல் சறுக்கவைக்கிறது. இதை வரிசைப் பிசகு என்போம். டெய்லர், ஓரோவான், போலன்யி மூவரும் 1934இல் தனித்தனியே இதை ஊகித்தார்கள். அப்போது யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. 22 ஆண்டு கழித்து, 1956இல், கேம்பிரிட்ஜில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழே, மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றுக்குள் பிசகுகள் ஊர்ந்து போவதையே பார்த்துவிட்டார்கள். ஜமுக்காளத்தின் வழியில் ஆணி அடித்துவைத்தால் மடிப்பு நின்றுவிடும் அல்லவா? சிறைப்பட்ட கரியும், அது உண்டாக்கும் நெளிவும் அந்த ஆணிகள். மடிப்பு நகராவிட்டால் கூர் சாயாது.

இனித் தண்ணீருக்கு வரலாம். அதற்கு அடுக்களைக்குள் போக வேண்டும். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மா தண்ணீர் தெளிப்பார். மிதமான சூடென்றால் சுர்ரென்று உடனே வற்றிவிடும். கல் மிக அதிகமாகக் காய்ந்துவிட்டால் துளிகள் வற்றுவதில்லை, முத்து முத்தாக உருண்டு ஓடும். துளிக்கு அடியில் ஒரு நீராவி மெத்தை உண்டாகி, சூடு துளியைச் சேரவிடாமல் தடுக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. சிவக்கக் காய்ந்த அருவாளைத் தொட்டியில் அமிழ்த்தும்போது நடப்பதும் அதுவே. முதல் கணம் அருவாளைச் சுற்றி ஒரு ஆவிப் போர்வை. அந்தப் போர்வை கிழிகிற வரை இரும்பு மந்தமாகத்தான் ஆறும். போர்வை எவ்வளவு சீக்கிரம் கிழிகிறதோ அவ்வளவுக்குக் கரி நிச்சயமாகச் சிறைப்படும்.

தண்ணீரின் குணம் இங்கேதான் நுழைகிறது. உப்புக் கரைந்த தண்ணீரில் போர்வை சீக்கிரம் கிழிந்துவிடும். இரும்பின்மேல் படிகிற உப்புத் துகள்கள் வெடித்து ஆவியைக் கலைத்துவிடுகின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் போர்வை நெடுநேரம் நிற்கும். எண்ணெயில் ஆறுவது இன்னும் மெதுவாக நடக்கும், ஆனால் விரிசல் விழும் பயம் குறைவு. ஆக, ஒரு கிணற்றுத் தண்ணீருக்கும் இன்னொரு கிணற்றுத் தண்ணீருக்கும் அருவாளில் வித்தியாசம் தெரிய வாய்ப்பு உண்டு. தாத்தாவின் முதல் பேச்சு வெறும் ஊர்ப்பெருமை இல்லை. என்றாலும் திருப்பாச்சித் தண்ணீரை ஒரு குடத்தில் மதுரைக்குக் கொண்டுவந்து யார் தோய்த்தாலும் திருப்பாச்சி அருவாள் வந்துவிடுமா?

இந்தக் கேள்வியோடுதான் போன மாசியில் தாத்தாவின் அருவாளை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு அந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் போய் உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது, பட்டறைக்குள் பாதி இருட்டு. கூரையைத் தாழ்த்தி, வெளிச்சம் வராமல் தட்டி கட்டியிருந்தார்கள். நிழலுக்காக என்று நினைத்தேன். ஆசாரி சிரித்தார். "வெளிச்சத்துல செவப்பு தெரியாது தம்பி. கோவைப்பழ நிறம் வரணும். அதுக்கு மேல மஞ்சளுக்குப் போச்சுன்னா இரும்பு வெந்துரும். கருஞ்செவப்புல எடுத்தா தண்ணி பிடிக்காது." அவர் கோவைப்பழம் என்றது கிட்டத்தட்ட 750 முதல் 800 டிகிரி. கரிக்கு இடுக்குகள் திறக்கிற சூடு அதுதான். இன்னொரு அடையாளமும் உண்டு. இரும்பு 770 டிகிரியில் காந்தத்தால் இழுபடும் குணத்தை இழந்துவிடும். பட்டறை நடத்துகிற இளைஞர்கள் சிலர் உலையோரத்தில் காந்தம் தொங்கவிட்டிருப்பதற்குக் காரணம் அதுதான். இவருக்குக் கண்ணே போதுமாக இருந்தது.

குறட்டில் பிடித்த அருவாளை அவர் முழுவதுமாக முக்கவில்லை. வாய்ப்பக்கத்தை மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, மூக்கிலிருந்து அடிவரை ஒரே வீச்சில் தொட்டியில் தோய்த்தார். தோச்சல் போடுவது என்று இதற்குப் பேர். முதுகு வெளியே சிவப்பாகவே இருந்தது. தண்ணீர் கொதித்து அடங்குகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். தூக்கினார். வாய் ஓரத்தை ஒரு உடைந்த சாணைக்கல்லால் சரசரவென்று தேய்த்து வெள்ளையாக்கினார். பிறகு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல மெல்ல வாயை நோக்கி இறங்கியது. வெள்ளை இரும்பில் முதலில் வைக்கோல் நிறம் பரவியது. அது தேன் நிறமானது, அதன் பின்னாலேயே கத்தரிப்பூ நிறம் துரத்திக்கொண்டு வந்தது. கத்தரிப்பூ வாய் ஓரத்தைத் தொட்ட கணம் முழு அருவாளையும் தண்ணீரில் போட்டார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

அந்த நிறங்கள் சாயம் இல்லை. சூடேற ஏற இரும்பின்மேல் துருவின் உறவான ஆக்சைடு படலம் ஒன்று வளர்கிறது. மழை நாளில் ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுவது போல, படலத்தின் கனத்தைப் பொறுத்து நிறம் மாறுகிறது. வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரி, கத்தரிப்பூ 280ஐ ஒட்டி, மயில்கழுத்து நீலம் 300ஐ ஒட்டி. தெர்மாமீட்டர் கண்டுபிடிப்பதற்கு முன்பே கொல்லர்கள் வைத்திருந்த தெர்மாமீட்டர் இது.

இந்த இரண்டாவது சூடு எதற்கு? தோய்த்த கையோடு அருவாளைக் கல்லில் போட்டால் வாய் சில்லு சில்லாக உடைந்துவிடும், அவ்வளவு இறுக்கம். கடினம் வேறு, முறியாமை வேறு. கோவில்பட்டி கடலைமிட்டாய் கடினம், ஆனால் மளுக்கென்று உடையும். திருநெல்வேலி அல்வா எவ்வளவு வளைத்தாலும் முறியாது, ஆனால் விரல் பட்டாலே பள்ளம் விழும். அருவாளுக்கு இரண்டும் வேண்டும். மிதமாகச் சுட்டால் சிறைப்பட்ட கரியில் ஒரு பங்கு விடுபட்டு நுண்ணிய துகள்களாக ஒதுங்கும், வரிசையின் நெளிவு சற்றுத் தளரும். கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முறியாமையை வாங்கிக்கொள்கிறோம். இந்த வேலைக்குத் தமிழில் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது: பதம். வெல்லப்பாகு காய்ச்சுபவர்கள் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டியும் விரல்களுக்கிடையே இழுத்தும் பார்த்துத் தக்காளிப் பதம், கம்பிப் பதம் என்று சொல்வதும் இதே அறிவுதான். சூட்டை எண்ணாகச் சொல்லாமல், பொருள் காட்டுகிற குணமாகச் சொல்வது.

வாயை மட்டும் இறுக்கி முதுகை இளக்கமாக விடுகிற யோசனை உலகத்தின் பல மூலைகளில் தனித்தனியே வந்திருக்கிறது. நேபாளத்தில் குக்ரி அடிப்பவர்கள் கெண்டியிலிருந்து வாய் ஓரத்தில் மட்டும் தண்ணீரை ஒழுகவிடுவார்கள். ஜப்பானில் வாளின் முதுகில் களிமண் பூசிவிட்டுத் தண்ணீரில் இறக்குவார்கள். மண் பூசிய இடம் மெதுவாக ஆறும்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "அண்ணே, உங்க ஊர்த் தண்ணிதான் காரணம்ங்கிறாங்களே?" அவர் தொட்டியைக் காட்டினார். "இது குழாய்த் தண்ணி தம்பி. எங்கப்பா காலத்துல கிணறு. எந்தத் தண்ணியா இருந்தாலும் புதுசா மாத்துன உடனே ஒரு பழைய இரும்பைத் தோய்ச்சுப் பார்த்துட்டுத்தான் அருவாளைத் தொடுவேன். பத்து அருவாள் தோய்ச்சா தண்ணி சூடாயிரும், அப்ப கொஞ்சம் ஆறவிடணும்." ஆவிப் போர்வையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அது நீடிக்கிற தண்ணீரையும் கிழிகிற தண்ணீரையும் சத்தத்திலேயே பிரிக்கிறார். ஊர்த் தண்ணீர் என்று தாத்தா சொன்னது தண்ணீரை அறிந்த அந்தக் கையைத்தான் என்று எனக்கு அப்போது பட்டது.

இந்த அறிவு நம் மண்ணில் எவ்வளவு பழையது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதே சாலையில் இருக்கிற கீழடி அகழாய்விலேயே இரும்புப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. ஆதிச்சநல்லூர் தாழிகளோடு கிடைத்த இரும்பு வாள்களையும் கருவிகளையும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இரும்போடு நில்லாமல் எஃகையே தனியாகக் காய்ச்சியதும் இங்கே நடந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. மேல்சிறுவலூரில் எஃகு உருக்கிய மூசைகளின் உடைந்த துண்டுகளை 1990களில் சாரதா ஸ்ரீநிவாசன் ஆராய்ந்தார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையைச் சீவிப் போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் மூசையை அடைத்து உருக்கிய முறையை, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா ஹீத் 1830களில் எழுதிவைத்தார். கட்டையும் இலையும்தான் கரிக்கு ஊற்று. நம்முடைய உருக்கு என்ற சொல்லும் கன்னட உக்கு என்ற சொல்லும் உறவினர்கள். ஆங்கிலேயர் அதை ஊட்ஸ் என்று எழுதினார்கள்.

அந்த ஊட்ஸ் கட்டிகள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே பெரிய ஆர்வம் கிளம்பியது. ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்சார ஆராய்ச்சியில் பெயர் பெறுவதற்கு முன்பு மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் இந்த எஃகிலேயே மூழ்கிக் கிடந்தார். அவர் ஒரு கொல்லரின் மகன். அலுமினியம் போன்ற ஏதோ சிறு கலப்புதான் இதன் ரகசியம் என்று முதலில் நினைத்தார். அது தவறு. ஆனால் அந்தத் தவறைத் துரத்திப் போனதில் வெள்ளி, பிளாட்டினம் என்று கலந்து கலந்து பார்த்தார். கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கே அது தொடக்கமாயிற்று. இரும்புக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் காட்டியவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி சோர்பி. 1863 வாக்கில் எஃகுத் துண்டைக் கண்ணாடி போலத் தேய்த்து, நீர்த்த அமிலத்தால் லேசாக அரித்து, நுண்ணோக்கியில் வைத்தார். கரி மிகுந்த அடுக்கும் குறைந்த அடுக்கும் சிப்பியின் உட்புறம் போலப் பளபளத்தன. அதற்கு முன்பு, பாறையைத் துண்டாக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் வித்தையை அவர் நிலவியலில் பழகியிருந்தார்.

அமிலம் அரிப்பதில் வித்தியாசம் காட்டும் என்ற அந்தச் செய்திதான் தாத்தாவின் இரண்டாவது பேச்சை எனக்கு விளங்கவைத்தது. அவருடைய அருவாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நாற்பது வருஷத்து இளநீரும் வாழைத் தண்டும் மாங்காய்ப் பாலும் அதைக் கறுக்கவைத்திருந்தன. அடிப்பக்கத்தில், பிடிக்குச் சற்று முன்னால், வாய் ஓரமாக இரண்டு விரல் அகலத்துக்கு நிறம் வேறாக ஒரு பட்டை தெரிந்தது. அதற்கும் முதுகுக்கும் இடையே அலை அலையாக ஒரு எல்லை. நடுப்பகுதிக்கு வர வர அந்தப் பட்டை ஒடுங்கியது. அதிகம் வெட்டி அதிகம் தீட்டிய வயிற்றுப் பகுதியில் பட்டையே இல்லை. எல்லைக்கோடு அங்கே வாய் ஓரத்தில் வந்து முடிந்துவிட்டது. நுண்ணரம் வைத்துப் பார்த்தபோது அடிப்பக்கம் அரம் பிடிக்கத் தயங்கியது, வயிற்றில் வெண்ணெய் போலக் கடித்தது. எந்தக் கொல்லரோ தண்ணீரில் தோய்த்த இரண்டு விரல் அகலத்தையும் தாத்தா தீட்டித் தீட்டியே கரைத்திருக்கிறார். மிஞ்சியது தண்ணீர் தொடாத இளகிய முதுகு. தண்ணி வத்திப்போச்சு என்றது எழுத்துக்கு எழுத்து சரி.

பழைய கத்திகளைச் சேர்க்கிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்து, வாய் ஓரத்தில் நீலம் பாய விட்டுவிட்டால், மெல்லிய விளிம்பு ஒரு கணத்தில் 300 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பழைய கொல்லர் வைத்த பதம் அங்கே போயிற்று. பளபளப்பாக்கி விற்கிற வியாபாரிகளிடம் நான் வாங்குவதில்லை. பழைய உருக்கு வாள் என்று அதிக விலை சொல்லிக் காட்டப்படும் பலவற்றின் வரி அழகு, பிற்காலத்தில் அமிலத்தால் வரைந்தது. செந்துரு உதிர்ந்தால் எண்ணெய் விட்டு மெல்லத் துடைக்கலாம், கறுப்புப் படலத்தைத் தொடக்கூடாது. நீண்ட நாள் வைப்பதென்றால் தோல் உறை வேண்டாம். பதனிடும்போது ஏறிய அமிலமும், தோல் இழுக்கிற ஈரமும் அடுத்த மழைக்காலத்துக்குள் இரும்பைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

தீட்டுவதற்குப் பனையேறிகளிடம் படிக்கலாம். மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி, பாளை அருவாளை இழுத்து இழுத்துத் தீட்டுவார்கள். வெங்கச்சங்கல் எஃகைவிடக் கடினம், மரம் மெத்தென்று இருப்பதால் பொடி ஆழமாகக் கீறுவதில்லை. சூடும் ஏறாது. பாளையின் நுனியைக் காகிதக் கனத்துக்குச் சீவும்போது நாளங்கள் நசுங்கிவிட்டால் பதநீர் வடியாது. அவர்கள் வாழ்க்கையே அந்த விளிம்பில் இருக்கிறது. அப்படித் தீட்டிய விளிம்பையும் மென்மையான பொருள் கெடுத்துவிடும் என்பதுதான் ஆச்சரியம். சவர பிளேடின் எஃகு தலைமுடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினம். அப்படியும் ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2020இல் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே சவரம் செய்து பார்த்தார்கள். முடி வளைந்து பக்கவாட்டில் மோதும்போது, எஃகின் அமைப்பு எங்கே சீராக இல்லையோ அந்த இடத்தில் விளிம்பு சில்லாகப் பெயர்ந்தது. கோவைப்பழ நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும் வரை ஆசாரி அருவாளை உலையில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்ததன் பயன் இதில்தான் தெரிகிறது.

சேர்த்ததைக் கையில் எடுத்துக்கொண்டு போவது தனிக் கதை. ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. அதன் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அறிவியலுக்கும் என்று அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. சீக்கியர்கள் கிர்பான் அணிவதை அரசியலமைப்பின் 25ஆவது பிரிவே சமய உரிமையாகச் சொல்கிறது. குடகர்கள் விழா உடையில் இடுப்பில் பீச்சேகத்தி செருகுகிறார்கள். நமக்கு அப்படி உடையோடு சேர்ந்த கத்தி இல்லை. நம்முடையது வேலையோடு சேர்ந்தது. பனையேறி இடுப்பில் கட்டுகிற அருவாப்பெட்டிக்குள் இருக்கும் வரை அது பாளை அருவாள், யாரும் மிரள்வதில்லை. தெற்கே நடந்த கொலைகளுக்குப் பிறகு 2021இல் போலீஸார், அருவாள் வாங்குபவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதிவைக்கும்படி பட்டறைகளுக்குச் சொன்னார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பெயர் எழுதிக் கொடுத்து வாங்குவதே எனக்குப் பிடித்திருக்கிறது. சினிமா சுவரொட்டியில் அருவாளை ரத்தத்தோடு மட்டுமே காட்டுவதில்தான் எனக்கு வருத்தம். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்த்திக்கடனாகச் சாத்துகிற ஆளுயர அருவாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிற சனங்கள் நாம். பஸ்ஸில் கொண்டு போகும்போது வாய்க்குத் தென்னம்பாளை உறை, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் கயிறு. ரசீது சட்டைப் பையில். கேட்டால் அவிழ்த்துக் காட்டுவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்று பட்டறையில், தாத்தாவின் அருவாளை ஆசாரி கையில் வாங்கி விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். "நல்ல இரும்பு. உலையில போட்டு மறுபடி தோச்சல் போட்டுத் தரேன். இன்னும் இருபது வருஷம் ஓடும்." சொன்னது சத்தியம். கோவைப்பழ நிறத்துக்கு ஒரு தடவை காய்ச்சினால் போதும், இரும்பு பழையபடி கரியை ஏற்றிக்கொண்டு புதிதாக இறுகத் தயாராகிவிடும். ஆனால் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற வரிசை முழுவதும் அழிந்து எழுதப்படும். அடிப்பக்கத்தில் மிச்சமிருக்கிற அந்த அலைக்கோடு போய்விடும். எங்கள் தாத்தா பிறந்த காலத்தில் பிறந்திருக்கக்கூடிய ஒரு கொல்லர், ஏதோ ஒரு சாயங்காலம், இரண்டு விரல் அகலத்துக்குத் தோய்த்து எடுத்த அந்த ஒரு வீச்சு அது.

வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. துணியில் நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். வெட்டுவதற்கு அன்று தோய்த்ததையே வாங்கிக்கொண்டேன், வாயில் கத்தரிப்பூ நிறம் இன்னும் அழியாமல் இருந்தது. இரண்டையும் தனித்தனிச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கொடுத்தார். நோட்டில் பெயரும் ஊரும் எழுதிவிட்டு, மாட்டுத்தாவணி வண்டி வரும் வரை புளியமரத்தடியில் நின்றிருந்தேன்.